அக்கா கொடுத்த கை மெஷின்

ஜன. 9, வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. துணி காயவில்லை. முட்டி வலி.

பத்தரைக்குக் குமார் வந்தான், அக்கா மகன். மார்போடு அணைத்தபடி ஒரு மரப்பெட்டி. "பிடிங்க மாமா. செம வெயிட்டு லா." திறந்தால் அம்மாவின் கைத் தையல் மெஷின்! கறுப்பு உடம்பு, தங்கப் பூ பாதி அழிந்திருக்கிறது. கைப்பிடி மட்டும் பளபள.

அம்மா போனபின் செம்பவாங்கில் அக்கா வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்தது. ஆறு வருடம். நான் கேட்டதே இல்லை. போன் போட்டேன். "நீயே வச்சுக்கடா தம்பி. பொங்கச் சீருன்னு நெனச்சுக்க." சீர் நான்தான் அவளுக்குச் செய்ய வேண்டும். எல்லாம் தலைகீழ்.

பெட்டிக்குள்: பாபின் 4. துருப்பிடித்த ஊசி 2. பச்சை நூல் கொஞ்சம். செத்த கரப்பான் 1.

என் வீட்டுக்காரி மலர்: "இதை எங்க வைக்கிறது? உங்க தலையிலயா?"

ஜன. 10, சனி

தேக்கா கடைத்தெருவில் கரும்பு வந்துவிட்டது. கூட்டம் தாங்கவில்லை. மெஷின் எண்ணெய், புது ஊசி வாங்கினேன். தேங்காய் மறந்தேன், திட்டு வாங்கினேன்.

எண்ணெய் விட்டுச் சுற்றினேன். அந்தச் சத்தம்! வெட்கமில்லாமல் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதில் நாங்கள் இருந்த கடற்படைத் தளத்துக் குவார்ட்டர்ஸ், ஜன்னலோரம் அம்மா. ஒரே துணியில் எனக்குச் சட்டை, அக்காவுக்குப் பாவாடை, மிச்சத்தில் ஜன்னல் திரை. அந்த வருடத் தீபாவளி போட்டோவில் நான் எது, திரை எது என்று சொல்ல முடியாது.

வழுக்கும் துணி என்றால் அம்மாவுக்கு இரண்டு கையும் வேண்டும். கைப்பிடியைச் சுற்ற நாங்கள். அவள் "சுத்து" என்றால் சுற்றணும், "நிறுத்து" என்றால் நிறுத்தணும். அதற்கும் முறை வைத்துச் சண்டை.

மலர் கேட்டாள்: "ஏங்க, உங்க அக்கா மட்டும் ஏன் தையலே கத்துக்கல? ஜாக்கெட் கொக்கிகூட வெளிய குடுத்துத்தானே தைக்கிறாங்க?" பேப்பர் படிப்பதுபோல் இருந்துவிட்டேன்.

ஜன. 11, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு அக்கா. மீன் குழம்பு, கங்கோங் கீரை. மெஷினுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். மலர் சும்மா இருப்பாளா? "ஏன் அண்ணி குடுத்துட்டீங்க?"

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அதைப் பாத்தா அம்மா விரல்தான் தெரியுது மலர். நான்தானே சுத்தினேன்."

அம்மாவின் இடது ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கிய கதை. நகம் கடைசிவரை நடுவில் பிளந்தே வளர்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் விரலை நீட்டிச் சிரிப்பாள்: "இது எங்க சரோ போட்ட தையல்." எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள். இன்று அழுதாள், அறுபத்தாறு வயதில்.

நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டேன். கேவலம்.

ஜன. 12, திங்கள்

பி.பி. மாத்திரை மறந்தேன். மறுபடி மழை.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அக்காவுக்குப் பத்து வயது, எனக்கு ஆறு. அன்று கைப்பிடியில் எங்கள் இரண்டு பேர் கையும். அவள் கை கீழே, என் கை மேலே. அம்மா "நிறுத்து" என்றாள். அக்கா நிறுத்தினாள். அவள் கை இறுகியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் முறை முடியவில்லை என்ற வீம்பில் நான்தான் அழுத்தி ஒரு சுற்று சுற்றினேன். அம்மா அலறினாள். "அக்காதான்" என்றேன். அடி அவளுக்கு.

எல்லோரும் சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. அறுபது வயதைத் தாண்டியும் திறக்கவில்லை.

ஜன. 13, செவ்வாய்

எம்ஆர்டியில் செம்பவாங். தோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறும்போது திரும்பிவிடலாமா என்று ஒரு யோசனை. இல்லை, போனேன்.

அக்கா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"சும்மா சமாதானம் சொல்லாத."

"இல்லக்கா. நீ நிறுத்திட்ட. நான்தான் சுத்தினேன்."

கீரையைக் கீழே வைத்தாள். "அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட அந்தக் கையை நான் பிடிக்கலடா. கட்டிலைச் சுத்தி வந்து மத்த கையத்தான் பிடிச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். கோப்பிகூடக் கொடுக்கவில்லை. லிஃப்ட் வரை வந்தாள். கதவு மூடும்போது: "என் மெஷினைக் கொண்டாந்து குடு."

ஜன. 14, புதன்

டாக்சி. மடியில் மெஷின், தொடை மரத்துப்போனது. மலருக்கு ஒன்றும் புரியவில்லை. இரவு சொல்லணும்.

அக்கா மேசையைக் காலி செய்து வைத்திருந்தாள். ஒரு பழைய தலையணை உறை, ஓரம் பிரிந்தது. நூல் கோக்க இரண்டு பேருக்கும் கண் தெரியவில்லை. எப்படியோ கோத்தோம்.

"உக்காரு. நீ துணியப் பிடி. நான் சுத்தறேன்."

பிடித்தேன். ஊசிக்குப் பக்கத்தில் என் விரல். பயமாகத்தான் இருந்தது. அக்கா வேகமாகச் சுற்றினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நிறுத்து" என்றேன்.

நிறுத்தினாள்.