பத்திரிகையில் உன் பெயர்

சௌபாக்கியவதி கமலினிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளை போன பிறகு உன்னை அப்படி எழுதக் கூடாது என்பார்கள், நான் எழுதுவேன். ரெங்கன் புண்ணியத்தில் என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் க்ஷேமம், தோஹாவில் நீயும் என் பேத்தி அம்ருதாவும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா.

அம்ருதா கல்யாணப் பத்திரிகையைச் சித்தப்பா இஷ்டப்படியே போடட்டும், என் பெயர் வேண்டாம் என்று போனில் சொன்னாயே, அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு முதல் நாள்தான் உன் சித்தப்பா சௌரிராஜன் வந்து, "கமலினி பேரு எதுக்கு மன்னி, நானும் ஆத்துக்காரியும் கூப்பிடற மாதிரி போட்டா மங்களமா இருக்கும்" என்றான். வாய் கூசவில்லை அவனுக்கு. இதையேதான் உன் கல்யாணத்தின்போது எனக்கும் சொன்னான், அதை உன்னிடம் யாரும் சொல்லவில்லை. அப்போது உன் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அச்சுக்குத் தகடு செய்து கொடுக்கிற அவருடைய பிளாக் கடை தம்பி கைக்குப் போயிருந்தது. என் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்றேன், சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். ஆதியில் பிளாக்கை மரத்தில் செதுக்குவார்களாம், அப்புறம்தான் ஜிங்க் தகடு வந்ததாம், தகட்டில் மருந்து மூடின எழுத்து மேடாக நிற்கும், மற்றதைத் திராவகம் தின்றுவிடும் என்று அப்பா சொல்லுவார். இந்தப் பாவி என் பெயர்மேல் இருந்த மருந்தை மட்டும் சுரண்டிவிட்டுத் தகட்டைத் திராவகத்தில் போட்டான். போட்டு எடுத்து, "பாத்துக்கோங்கோ மன்னி" என்று என்னிடமே காட்டினான். தகட்டில் எல்லாம் திரும்பி இருக்கும், மூன்றாவது படித்தவளுக்கு என்ன தெரியும், நன்றாயிருக்கு என்று சொல்லிவிட்டேன். அச்சாகி வந்தபோது என் பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடந்தது. கேட்டால், "நான்தான் சுரண்டினேன், உங்க பொண்ணு நன்னா இருக்கணும்னுதான்" என்றான். என் பெயரை எடுத்ததால் மாப்பிள்ளை நூறு வயது இருந்தாரா?

இப்போது அச்செல்லாம் கம்ப்யூட்டர், ஆனாலும் பத்திரிகையில் தங்க எழுத்து வேண்டுமென்றால் ஜிங்க் தகடுதான் போட வேண்டும். அதனால் சௌரிராஜன் கடைப் பக்கமே போகாமல் பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் பிளாக் போடுகிற ஹனீஃபா கடையில் கொடுத்தேன். தகடு வந்ததும் பையிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்தேன். "என்னம்மா, இங்கயே அலங்காரமா?" என்று சிரித்தார். "ஆமாங்க, என் பொண்ணு பேரு எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றேன். கண்ணாடியில் கமலினி என்று நேராகத் தெரிந்தது. விரலால் தடவியும் பார்த்தேன், மேடாக இருந்தது.

முதல் பத்திரிகை பெருமாளுக்கு, அடுத்தது சௌரிராஜனுக்கு. தட்டில் வைத்து நானே கொடுத்தேன். படித்துவிட்டு, "ஊர் சிரிக்கும் மன்னி" என்றான். "சிரிக்கட்டும், பந்தியில பாயசம் போடச் சொல்லிருக்கேன், குடிச்சுட்டே சிரிக்கட்டும்" என்றேன்.

சர்க்கரை மாத்திரையை மறக்காதே. அந்த அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துக்கொண்டு வா. மண்டபத்தில் ஓரமாக நின்றுகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. பத்திரிகையில் எல்லோரையும் அழைத்திருப்பவள் நீ, வாசலில் நின்று வாங்கோ என்று நீதான் சொல்ல வேண்டும்.

குழந்தையும் நீயும் நூறாண்டு நன்றாயிருங்கள்.

உன் அம்மா
சத்யபாமா
ஸ்ரீரங்கம்