தரையில் வைத்த மடக்குக்கத்தி

சாலாக் செலாத்தான்
3.3.2025

அன்புள்ள சீதாவுக்கு,

மகள் மலரும் மருமகனும் சுகம். எனக்குத்தான் இங்கே தூக்கம் சரியில்லை. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நம் தோட்டத்து வாழை பழத்துக்குத்தான், இலைக்கு இல்லை என்றேன். கேட்டாயா? சண்டை போட்டு என்னைக் கிளம்ப வைத்தாய். போகட்டும். ஞாயிற்றுக்கிழமை தம்பி அய்யாவு கிள்ளானுக்கு வருவான். தோட்டத்தை அழித்து லோரி நிறுத்தப் போகிறான். அப்பாவின் மடக்குக்கத்தியை அவனிடம் கொடுத்துவிடு. கத்தி யாரிடமோ அவரிடம்தான் தோட்டம். எங்கள் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும்.

மாத்திரையை மறக்காதே.

ரெங்கசாமி

கிள்ளான்
10.3.2025

மலர் அப்பாவுக்கு,

மாத்திரை போடுகிறேன். மகள் வீட்டுக் கட்டிலில் தூக்கம் வராததற்கு நான் என்ன செய்ய?

உங்கள் தம்பி நேற்று வந்தார். நான் இலை நறுக்கிக்கொண்டிருந்தேன். “அண்ணி, கத்தியக் குடுங்க லா, அண்ணன் சொல்லிட்டாரு” என்று கையை நீட்டினார். “ஒங்க அண்ணன்தான் எனக்குக் குடுத்தாரு தம்பி” என்றேன்.

கையில் கொடுத்தால் பகை வரும் என்று உங்கள் வீட்டில் கத்தியைத் தரையில் வைத்துத்தான் கொடுப்பீர்கள். கிளம்பிய அன்று என் காலடியில் வைத்தீர்கள். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். உங்கள் வழக்கப்படியே தோட்டம் என்னுடையது. தம்பி இரண்டு கிளாஸ் டீ குடித்துவிட்டுப் போனார்.

சீதாலெட்சுமி

சாலாக் செலாத்தான்
14.3.2025

சீதா,

கோபத்தில் கீழே போட்டதை, கொடுத்தேன் என்கிறாயே! முப்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவள் பேசுகிற பேச்சா இது? இலைக்காரி என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். கத்தி தம்பி கைக்குப் போகும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன்.

ரெங்கசாமி

கிள்ளான்
19.3.2025

மலர் அப்பாவுக்கு,

விரித்தபடி வீசியிருந்தால் கோபம் என்று நம்பியிருப்பேன். நீங்கள் மடக்கி வைத்தீர்கள்.

பிரிக்பீல்ட்ஸில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் என் இலையைக் கேட்டு வாங்குகின்றன. சிரிக்கிறவர்களும் அதில்தான் சாப்பிடுகிறார்கள். முப்பத்தாறு வருடம் நீங்கள் வெட்டினீர்கள், நான் சுமந்தேன். ஒருநாள் நானும் வெட்டுகிறேனே என்றதற்கு, “பொம்பளைக்கு எதுக்கு கத்தி?” என்றீர்கள். அன்று எவ்வளவு வலித்தது தெரியுமா? இப்போது அது என் இடுப்பில் இருக்கிறது. கொடுக்கமாட்டேன். தம்பிக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

நீங்கள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். வெட்ட நான் இருக்கிறேன். சுமக்கத்தான் ஆள் இல்லை.

சீதாலெட்சுமி