கட்டிலின் எந்தப் பக்கம்

அன்புள்ள ஜெமிலாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இங்கே செந்தூலில் ஒரு வீட்டுப் படுக்கையறையில் சுவர் விளக்கு மாட்டினேன். கதவருகே ஒரு சுவிட்ச், கட்டில் தலைமாட்டில் ஒன்று. எதைத் தட்டினாலும் எரியும், அணையும். கட்டிலில் எந்தப் பக்கம் என்று கேட்காமலே சுவரை வெட்டி சுவிட்ச் பெட்டியைப் பதித்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார்.

"அண்ணே, நான் இந்தப் பக்கம்தான் படுப்பேன் லா. ஜன்னல் பக்கம் யாரு வைக்கச் சொன்னா?"

அப்போதுதான் உறைத்தது. ஜன்னல் பக்கம் படுப்பவள் நீ. பூசிவிட்டு மறுபக்கம் வெட்டினேன். முதலாளி கொஞ்சம் சத்தம் போட்டார், வேறொன்றுமில்லை.

விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கதவிலிருந்து தடவிக்கொண்டே வருவாயே, இனி அது வேண்டாம். என்னோடு அறையில் தங்கியிருக்கும் காதர் ஊருக்கு வருகிறார். அவரிடம் இரண்டு சுவிட்ச் கொடுத்தனுப்புகிறேன். வேறு ஆளை வைத்து மாட்டிவிடாதே, நானே வந்து மாட்டுகிறேன். அதுவரை கட்டிலை நகர்த்தாதே.

காதர் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். ஒன்று மட்டும் சொல். இப்போதும் ஜன்னல் பக்கம்தான் படுக்கிறாயா, நடுவில் படுக்கப் பழகிவிட்டாயா?

உன்
ஷாஜஹான்