படபடத்த விளக்கு

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். நடந்ததை எல்லாம் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

அடையாறு பயிற்சிக்கூடத்தில் நாங்கள் செய்யும் பவர் சப்ளையை ஒரு சின்ன சிப் கவனித்துக்கொள்கிறது. வோல்டேஜ் குறைந்தால் ஏற்றும், கூடினால் இறக்கும். அதற்கான புரோகிராமை நான் எழுதினேன். துளி குறைந்தாலே மளமளவென்று ஏற்றச் சொல்லிவிட்டேன். அது அளவு மீறி ஏறும், உடனே இறங்கும், மறுபடி ஏறும். அதில் மாட்டிய விளக்கு படபடத்தது.

"இன்னாடி, கல்யாண மண்டபத்து சீரியல் செட்டா இது?" என்றாள் ராயப்பேட்டையிலிருந்து வரும் செண்பகம். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சொல்லித்தரும் நிஷா அக்கா, "கொஞ்சம் கொறஞ்சா கொஞ்சமா ஏத்தும்மா. அது ஏறி நிக்கிறதுக்குள்ள இன்னாத்துக்குப் பதர்ற?" என்றார். நான் போனில் ஒரு முறை தும்மியதற்கு அப்பா உடனே இங்கே கிளம்பி வர பஸ் டிக்கெட் எடுத்தது நினைவுக்கு வந்தது. உங்கள் மகள்தானே நான்! ஏற்றும் அளவைக் குறைத்துத் திருத்திவிட்டேன்.

இன்று சோதனை. மின்விசிறியையும் சேர்த்து ஓட்டும்போது விளக்கு படபடத்தால், நான் ஆரம்ப வகுப்புக்குத் திரும்ப வேண்டும். சொந்தக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லியும் என்னை நம்பி அனுப்பினீர்கள். அதை நினைத்துக்கொண்டே காத்திருக்கிறேன்.

அம்மா, பருப்புப்பொடி அனுப்புங்கள். என் தலையணை உறையையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

அக்கா கூப்பிடுகிறார். மின்விசிறி சுற்றுகிறது. படபடப்பு இருந்தால் இருட்டில்தான் தெரியும் என்று அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டார்கள். இந்த வரியை என் விளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து நேராக இருக்கிறதா, பாருங்கள்.

உங்கள்
அனுப்ரியா