ரேடியோ சொன்னதுதான் சரி
அர்ட்கேவன், கொனமாரா
19 அக்டோபர் 1984

அன்புள்ள கிரான்யா,

இங்கே நானும் உன் அண்ணன் கோல்மனும் நலம். இந்த வாரம் இந்த வரியை வெறும் வழக்கத்துக்காக எழுதவில்லை, நன்றியோடு எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பெர்த்தில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உன் அத்தை டெலியா புதன்கிழமையே உனக்குப் போன் செய்து, கோல்மன் என் பேச்சை மீறிக் காற்றில் படகை எடுத்துக்கொண்டு போனான் என்றும், நான் வாசலில் நின்று தடுத்தேன் என்றும் சொன்னாளாம். அவன் என் பேச்சை மீறவில்லை. நான் தடுக்கவும் இல்லை. அவனைப் போகச் சொன்னவளே நான்தான்.

பாதிரியார் ஊரில் வீடு மாற்றி வீடு வந்து வைக்கும் இலையுதிர்காலப் பூசை இந்த முறை நம் வீட்டில், புதன்கிழமை காலை. ஏழு வருடத்துக்கு ஒரு தரம்தான் நம் முறை வருகிறது என்பதால் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். சமையலறைச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சனிக்கிழமை உன் அப்பாவின் காற்றழுத்தமானியைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன், அது சரிந்து தரையில் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, முள்ளும் "நல்ல வானிலை"யில் நின்றது, அதனால் யாரிடமும் சொல்லாமல் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டேன். செவ்வாய் காலை ரேடியோவில் மேற்குக் கரையில் பலத்த காற்று, லேசான மழை என்றார்கள். ஆட்டுத் தீவிலிருந்து ஆடுகளைக் கொண்டுவர வேண்டிய நாள் அது. கோல்மன் தேநீர்க் கோப்பையோடு நின்று கேட்டுவிட்டு, "அம்மா, பூசை முடியட்டும், வியாழக்கிழமை போறேனே" என்றான். பாதிரியார் வந்திருக்கும்போது வேலை பாக்கி என்று ஒருவரும் சொல்லக் கூடாது, இன்றே கொண்டுவந்தால் மாலைக்குள் முற்றத்தைக் கழுவிவிடலாம் என்பது என் கணக்கு. ரேடியோவை அணைத்தேன். "அந்தப் பெட்டிக்கு டப்ளினைத் தாண்டி என்ன தெரியும், உங்க அப்பாவோட முள்ளைப் பாரு" என்றேன். பார்த்தான். போனான்.

பதினோரு மணிக்குக் காற்று எழுந்தது. கோழிக்கூட்டின் தகரம் பிய்ந்து பக்கத்து வீட்டுப் பார்ட்லியின் உருளைக்கிழங்கு நிலத்தில் போய் விழுந்தது. நான் ஓடிப் போய்க் காற்றழுத்தமானியைத் தட்டினேன், நாற்பது வருடமாகத் தினமும் தட்டுகிறேனே, அப்படி. தட்டினால் அசைய வேண்டிய முள் நகரவில்லை. இன்னொரு தரம் தட்டினேன். வெளியே கடல் வெள்ளை வெள்ளையாக எழும்புகிறது, உள்ளே சுவரில் நல்ல வானிலை. சனிக்கிழமை விழுந்தபோதே அது பழுதாகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது, மகளே. உன் அப்பா இறந்த நாளுக்குப் பின் நான் அப்படியே தரையில் உட்கார்ந்தது இதுதான் முதல் தரம்.

பார்ட்லி தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு வந்தான். மேட்டில் நின்று தீவுப் பக்கமே மூன்று மணி நேரம் பார்த்தோம். அவன் என் பக்கம் திரும்பாமலே, "அக்கா, அழறதுன்னா வீட்டுல போய் அழுங்க, இங்கே கண்ணாடி நனையுது" என்றான். நான் அழவில்லை. அது மழை. இரண்டரை மணிக்கு, "புகை! தீவுக் குடிசையில அடுப்பு மூட்டிட்டான் படவா!" என்று கத்தினான். ரேடியோ சொன்னபடியே மழை லேசாகத்தான் பெய்தது. கனத்த மழையாக இருந்திருந்தால் அந்தப் புகை எங்கள் கண்ணில் பட்டிருக்காது. ஆக அவர்கள் காற்றையும் சரியாகச் சொன்னார்கள், மழையையும் சரியாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை காற்று தணிந்ததும் பதினான்கு ஆடுகளோடு வந்து சேர்ந்தான். பூசை அரை மணி தாமதம். கழுவாத முற்றத்தில் ஆட்டுப் புழுக்கையை மிதித்துக்கொண்டுதான் ஃபாதர் கில்லன் உள்ளே வந்தார், எனக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. பூசைக்குப் பின் எல்லோருக்கும் போட்ட காலை உணவில் பன்றித் தொடையும் சோடா ரொட்டியும் மீதமில்லை. அங்கேதான் பார்ட்லி ஆரம்பித்தான். "ஏண்டா, நாற்பத்தாறு வயசு ஆச்சு, ரேடியோ சொல்றது காதுல விழலையா, இல்ல ஆட்டோட சேர்ந்து மூளையும் மேயப் போச்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கோல்மன் என்னைப் பார்க்கவே இல்லை. "அம்மா சொன்னாங்க, நான்தான் கேக்கலை" என்று சொல்லிவிட்டு முட்டையை உடைத்தான். நான் கையில் தேநீர்ப் பானையோடு பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த கோப்பையில் தேநீரை ஊற்றினேன். கன்னியாஸ்திரீகளிடம் படித்த காலத்தில் பொய்க்குத் துணை போனாள் என்று ஒரு பெண்ணோடு ஒரு வருடம் பேசாமல் இருந்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் பார்ட்லியிடமும் மற்றவர்களிடமும் உண்மையைச் சொல்லிவிடுவேன். டெலியாவிடம் நீ சொல். கோல்மனிடம் இரண்டு தரம் பேச்செடுத்தேன், "விடுங்கம்மா, ஆடு வந்தாச்சுல்ல" என்று எழுந்து போய்விட்டான். காற்றழுத்தமானியை இன்னும் கழற்றவில்லை, உன் அப்பா அடித்த ஆணி அது. ஆனால் தட்டுவதை விட்டுவிட்டேன். காலையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ரேடியோவைக் கடைசி வரை கேட்கிறோம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அங்கே வெயில் ஏறும் காலம், சின்னவளைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். உன் பதிலை இந்த முறை எனக்கு எழுதாதே, கோல்மன் பெயருக்கு எழுது. போகச் சொன்னது அம்மாதான் என்று உனக்குத் தெரியும் என எழுது. போனில் வேண்டாம், அவன் பேச்சை மாற்றிவிடுவான். கடிதமாக எழுது.

உன் அம்மா,
ஹோனோரா