சம்பத்தின் முப்பத்தொரு மேற்கோள்கள்

1991 ஆகஸ்ட் 12, திங்கள்

எங்கள் ஆய்வு நிலையத்தில் ஒரு பதவி உயர்வுக்கு இருவர் போட்டியிடுகிறார்கள். யாருடைய கட்டுரைகள் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்று எண்ணித் தரும் வேலை, நூலகரான என்னிடம் வந்தது. சம்பத்துக்கு முப்பத்தொன்று, எஸ்தருக்குப் பன்னிரண்டு. ஆனால் சம்பத்தின் கணக்கில் இருபத்துநான்கு, அவரே தம் பிந்தைய கட்டுரைகளில் தம்மையே மேற்கோள் காட்டிக்கொண்டவை. எஸ்தருக்கு அப்படி ஒன்றுகூட இல்லை.

இதைத் தனியாகக் குறித்துக் கொண்டுபோனேன்.

"மொத்தத்தை மட்டும் குடுங்கம்மா. இதெல்லாம் யார் கேட்டது?" என்றார் இயக்குநர்.

மாலையில், மொத்தம் மட்டும் தட்டச்சு செய்த புதுத் தாள் என் கையெழுத்துக்கு வந்தது. என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சம்பத்தின் முப்பத்தொன்றில் இருபத்துநான்கு அவரே தம்மைக் காட்டியவை என்று பேனாவால் எழுதி, அதன்கீழ் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.

மணிமங்கலம் பஸ்ஸுக்கு நின்றிருந்த எஸ்தருக்கு அதற்குள் விஷயம் தெரிந்திருந்தது. "இன்னாத்துக்குக்கா எனக்காக வம்பு? உங்களை வூட்டுக்கு அனுப்பிட்டா இன்னா பண்ணுவீங்க?" என்றாள்.

"உனக்காக இல்லடி. எண்ணுனது நான்," என்றேன்.

நாளை இயக்குநர் கூப்பிட்டு அனுப்புவார். உடுத்திப் போகப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டேன். எத்தனை முறை கேட்டாலும் அந்த வரியை அடிக்கப் போவதில்லை.