கங்கையா இருந்த பட்டினி

சித்தூர்
4-9-2000

தம்பி கங்கையாவுக்கு உன் அக்கா செல்லியம்மாள் மனசார வாழ்த்தி எழுதுவது.

பெரிய பேரன் ஹரிபாபு அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்துவிட்டான். சின்னவன் சீனு பத்தாவதில் மண்டலத்துக்கே முதல். பேத்தி ரூபா திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அஞ்சாம் கிளாஸோடு நின்ற என் வயிற்று வழி வந்ததுகள், பார்த்துக்கொள்.

உனக்கு ரத்தம் போவதைச் சொல்லி உன் பெண்டாட்டி வெங்கடம்மா போனில் அழுதாள். ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லியும் நீ மாட்டேன் என்கிறாயாம். போன வருஷம் எனக்கும் பார்த்தார்கள். முதல் நாளே வயிறு காலியாகணும், பட்டினி. ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள், உப்புக் கரிக்கும். குடித்ததும் கக்கூஸே கதி. மறுநாள் ஊசி போட்டு இடப்பக்கமாய்ப் படுக்கவைப்பார்கள். பாதித் தூக்கம். விரல் தடிமன் குழாய், நுனியில் கேமரா. காற்று ஊதுவதால் வயிறு உப்பி லேசாய்ப் பிசையும், அவ்வளவுதான். போர்த்தித்தான் வைப்பார்கள், மானம் போகாது. சாயந்திரமே வீட்டில் சோறு துன்னலாம். துணைக்கு ரூபா இருக்கிறாள்.

போய் வா, ராசா.

அக்கா


நாயுடுபேட்டை
15-9-2000

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் பேச்சைக் கேட்டுத் திருப்பதி போனேன். மானம் போனதுதான் மிச்சம். நீ சொன்னபடி பட்டினிதான் இருந்தேன், அம்மா சொல்லிக்கொடுத்த புரட்டாசி சனிக்கிழமைப் பட்டினி. சோற்றைத் தொடவில்லை. இட்லி, வாழைப்பழம், கொஞ்சம் சுண்டல். அந்த உப்புத் தண்ணியையும் குடித்தேன். குழாயை விட்ட டாக்டர், "ஏமி தாத்தா இதி? என்ன இது, ஒண்ணுமே தெரியல" என்று எடுத்துவிட்டார். ரூபா வாயைப் பொத்திக்கினு, "தாத்தா, சுண்டல் துன்னுட்டா வந்தே?" என்றாள். பேத்தி முறைப் பெண் முன்னால்! இனி என்னைக் கூப்பிடாதே. வருவது வரட்டும்.

கங்கையா


சித்தூர்
20-9-2000

தம்பி,

படித்துப் படித்துச் சிரித்தேன். நம் வீட்டுப் பட்டினி அப்படித்தானே! கோவிந்தா சொல்லித் தெருத்தெருவாய் அரிசி வாங்கிவந்த சொம்பை அம்மா இறக்கிவைக்குமுன் நீ சுண்டல் சட்டியைக் காலி பண்ணிவிடுவாய். "பட்டினி கெடக்கற புள்ள, துன்னட்டும்" என்பாள். நைனா சிரிப்பார்.

நம்மைப் பெற்ற அந்த நைனாவுக்கும் இப்படித்தான் ரத்தம் போனது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஒரு போட்டோகூட நாம் எடுக்கவில்லை. இப்போது சிரிப்பு மட்டும் காதில் நிற்கிறது. முகம் வரமாட்டேன் என்கிறது, கங்கையா.

திங்கட்கிழமைக்கு ரூபா மறுபடி நேரம் வாங்கியிருக்கிறாள். ஞாயிறே அவள் ரூமுக்குப் போய்விடு. அவள் தரும் இளநீர், வடிகட்டின ரசம் தவிர ஒன்றும் வாயில் வைக்காதே. "நான் காவல் இருக்கறேன் ஆயா" என்கிறாள். முழங்கால் விடாததால் நான் வரமுடியாது.

முடிந்ததும், பஸ் ஏறுமுன் ஒரு ஸ்டுடியோவுக்குப் போ. உன் கல்யாண போட்டோ மஞ்சளாகிவிட்டது. எனக்கு இப்போது இருக்கிற முகம் வேணும். புதுசாய் ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

உன் அக்கா
செல்லியம்மாள்